பஞ்சு சிஸ்டரும் இரண்டாவது கியரும்

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பஞ்சு சிஸ்டர் என்று பெயர். நடந்தால் சத்தம் கேட்காது. பேசினால் கட்டிலில் இருப்பவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அவர் ஊசி போட்டு முடித்த பிறகும் "எப்பம்மா போடுவீங்க?" என்று கேட்ட நோயாளிகள் உண்டு. வீட்டிலும் அதே கதைதான். அடுப்பில் பால் பொங்கினால்கூட அதைத் தாழ்ந்த குரலில்தான் அறிவிப்பார். அப்படிப்பட்டவர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய் மேட்டில் மாட்டிக்கொண்டு முழித்தார்.

காரணம் முழங்கால். காலமெல்லாம் வார்டில் நின்று அது தேய்ந்துபோயிருந்தது. வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுகிற நர்ஸ் வேலை ஒன்று காலியானபோது, சிஸ்டருக்கு அதன் மேல் ஒரு கண். உட்கார்ந்து போகலாம், நோயாளியோடு நாலு வார்த்தை பேசலாம். ஆனால் லைசென்ஸ் வேண்டும். "மாசக் கடைசி வரைக்கும் உங்களுக்காகப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார் தலைமை நர்ஸ். சிஸ்டரோ அதற்குள் இரண்டு டெஸ்டில் கோட்டை விட்டிருந்தார். இரண்டு தடவையும் ஒரே இடம்: மேட்டில் நிறுத்தி மறுபடி எடுக்கிற இடம்.

கற்றுக்கொடுத்தவர் சாதாரண ஆள் இல்லை, வீட்டுக்காரர். ஆயுசில் பாதியை லாரியில் கழித்தவர். அவர் இருக்கும்போது டிரைவிங் ஸ்கூல் எதற்கு என்று யாருக்குத்தான் தோன்றாது?

"ரெண்டாவதுலயே எடு. ஃபர்ஸ்ட் கியரெல்லாம் முழு லோடு ஏத்தினாத்தான். முக்கியமா, இன்ஜினைக் கத்த விடாத. கத்துற வண்டி சீக்கிரம் சாகும்."

சிஸ்டருக்கு இந்தப் பாடம் தேனாக இனித்தது. கத்தாமல் காரியத்தை முடிப்பதுதான் அவருக்குக் கைவந்த கலையாயிற்றே.

கார் என்னவோ நல்ல கார்தான். சின்ன இன்ஜின், டர்போ வைத்தது. குடும்பமே ஏறி உட்கார்ந்தாலும் நெடுஞ்சாலையில் பறக்கும். மெதுவாகப் போகும்போது மட்டும் சவலைப் பிள்ளை. மிதித்தால் உடனே போகாது, கொஞ்சம் யோசிக்கும். சமதரையில் எப்படியோ சமாளித்துவிடும். மேட்டில் இரண்டு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பொசுக்கென்று அணைந்துபோகும். டெஸ்ட் எடுக்கிற அதிகாரி வாயைத் திறக்க மாட்டார், பேப்பரில் ஒரு கோடு கிழிப்பதோடு சரி.

இரண்டாவது கோடு விழுந்த அன்று லாரிக்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மனைவி மேல் இல்லை, கார் மேல். "வண்டியிலதான் கோளாறு. நல்லா நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

மெக்கானிக், பட்டறைக்குப் பின்னால் இருந்த சரிவில் காரை நிறுத்தி எடுத்துப் பார்த்தார். சமர்த்தாக ஏறியது. "இப்ப நீங்க எடுங்க அக்கா." சிஸ்டர் எடுத்தார். குலுக்கு, குலுக்கு, பொசுக்.

"எந்த கியர்ல எடுத்தீங்க?"

"ரெண்டாவது."

மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். "அக்கா, டர்போங்கிறது ஒரு காத்தாடி. இன்ஜின் விடுற புகை வேகமா ஊதினாத்தான் அது சுத்தும், அது சுத்தினாத்தான் வண்டிக்குத் தெம்பு வரும். நீங்க ஊதவே விட மாட்டேங்கிறீங்க. அப்புறம் அது தூங்காம என்ன பண்ணும்? ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு நல்லா மிதிங்க, கத்தட்டும். யாரு உங்களுக்கு ரெண்டாவதுல எடுக்கச் சொல்லிக் கொடுத்தது?"

லாரிக்காரர் சுவரில் இருந்த டயர் விளம்பரத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

"நானாத்தான் அப்படிப் பழகிட்டேன்" என்றார் சிஸ்டர்.

திரும்பி வரும்போது சிஸ்டர்தான் ஓட்டினார். சிக்னல் விழுந்து வண்டி நின்றபோது லாரிக்காரர் மெல்ல ஆரம்பித்தார். "என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம்ல?"

"அவர் முன்னாடி எதுக்கு?"

"அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு, இந்த மெக்கானிக்குங்க பேச்சை நம்பி இன்ஜினை ரொம்பக் கத்த விட்டா..."

"போதுங்க!"

பக்கத்தில் பைக்கில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். சிஸ்டருக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் ஆரம்பித்ததை நிறுத்த முடியவில்லை. "எனக்கு இந்த வேலை வேணும். இன்னொரு வருஷம் அந்த வார்டுல நிக்க என்னால முடியாது. கத்த விடாத, கத்த விடாதன்னு இனிமே ஒரு வார்த்தை பேசாதீங்க!"

பச்சை விழுந்தது. சிஸ்டர் வண்டியை எடுத்தார்.

"நல்லாத்தான் கத்துற" என்றார் லாரிக்காரர். சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாசக் கடைசிக்கு முன்னால் இன்னொரு டெஸ்ட்தான் கிடைத்தது. அதே மைதானம், அதே மேடு, அதே வாய் திறக்காத அதிகாரி. வேலிக்கு வெளியே லாரிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிஸ்டர் மேட்டில் நிறுத்தினார், கைப் பிரேக்கைப் போட்டார், முதல் கியர். மிதித்துக்கொண்டே கிளட்சை விட்டு, கைப் பிரேக்கையும் இறக்கினார். இன்ஜின் சத்தம் சட்டென்று உள்ளே போனது. காரின் அந்தப் பாழாய்ப்போன யோசனை! வலது கால் தானாக மேலே வரப் பார்த்தது, சத்தம் போடாமல் ஒதுங்கியே பழகிய கால் அது. சிஸ்டர் அதை இன்னும் ஓர் அழுத்து அழுத்தினார். கார் ஒரு கத்துக் கத்தியது பாருங்கள், அதிகாரி கதவைப் பிடித்துக்கொண்டார். மேடு பின்னால் போய்விட்டது.

"அப்படித்தான்! கத்த விடு, கத்த விடு!" என்று வேலியிலிருந்து ஒரு குரல் மைதானத்தையே தூக்கியது.

அதிகாரி முதல் தடவையாக வாயைத் திறந்தார். "யாரும்மா அது?"

பஞ்சு சிஸ்டர் கண்ணாடியை இறக்கினார். வேலி வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

"என் வாத்தியாருங்க!"