மருதோன்றிச் செடி நின்ற இடம்

2025ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. காலையில் கடும் மழை. நண்பகலில் மழை ஓய்ந்த போதிலும் வானம் வெளிக்கவில்லை. வாவிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசிக்கொண்டே இருந்தது.

இது இட்டுக்கட்டிய கதை அன்று. ஏறாவூரில், வாவிக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டில் உண்மையாகவே நடந்தது. நள்ளிரவில் நடக்கவில்லை, பட்டப்பகலில் தொடங்கி, விளக்குப் போடும் வேளையில் முடிந்தது. இதனைக் கண்ணாற் கண்டவள் றுமானா. இன்றும் அதே மேசையில் இருந்து அதே தொழிலைச் செய்கிறாள். நம்பாதவர்கள் அவளையே கேட்கலாம். ஆனால் பிற்பகலில் அஸர் தொழுகைக்குப் பின் கேட்க வேண்டாம். அந்நேரத்தில் அவள் அதைப் பற்றிப் பேச மாட்டாள்.

றுமானாவுக்கு வயது இருபத்தெட்டு. முப்பரிமாண மென்பொருளில் வீடு வரைந்து கொடுப்பது அவளுடைய தொழில். கட்டாத வீட்டைத் திரையில் எழுப்பி, அதைச் சுற்றி வந்து, வாசலால் உள்ளே நுழைந்து, அடுப்படி வரை நடந்து காட்டுவாள். தாயை இழந்த அவளுக்கு எல்லாமாக இருந்தவர் அவளுடைய வாப்பா ஆதம்பாவா. வாவியில் வள்ளம் தள்ளி ஓய்ந்தவர். கணினியை ஏறெடுத்தும் பாராதவர்.

அவளுக்குக் கிடைத்த முதலாவது பெரிய வேலை, மூன்று வளவு தள்ளியிருந்த றுஸ்தியின் காணியில் கட்டப்படவிருந்த வீடு. றுஸ்தி கட்டாரில் தொழில் செய்பவன். தங்கை ஸஹ்ராவுக்கு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் நிக்காஹ் இல்லை என்பது அனைவரும் அறிந்ததே. இந்த வீடு நன்றாக அமைந்தால் கட்டாரிலுள்ள தன் நண்பர்களின் வீடுகளையும் அவளுக்கே தருவதாக றுஸ்தி சொல்லியிருந்தான். அத்துடன் டோஹாவிலிருந்து ஒரு தொடு மவுஸையும் அனுப்பி வைத்திருந்தான்.

அந்த மவுஸில் பொத்தானும் இல்லை, சக்கரமும் இல்லை. ஆற்றுக்கல்லைப் போல வழுவழுப்பான முதுகு மட்டுமே. அதன்மேல் விரலை முன்னே தடவினால், திரையில் குறி நிற்கும் இடத்தை நோக்கி வீடு ஒரு படி நெருங்கும். ஒரு தடவலுக்கு ஒரு படி.

அன்று காலை பத்து மணிக்கு றுஸ்தி றுமானாவை அழைத்தான்.

"தங்கச்சி, படம் இண்டைக்கு வருமா? பெக்கோக்காரன் நாளைக்குக் காலையில வாறான். முதல்ல மலசலகூடக் குழியத்தான் வெட்டுறதாம்."

"மஃரிபுக்குப் பிறகு அனுப்புறன், றுஸ்தி நானா."

"நேற்றும் இதத்தான் சொன்ன. இஞ்ச வேலைக்கு வந்தா உன்ன மத்தியானத்தோட திருப்பி அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். டிக்கெட்ட மட்டும் நீங்க போடுங்க."

அவன் சிரித்தான்.

"வீடு குடிபுக நீங்க வருவீங்கதானே?" என்று அவள் கேட்டாள். அவன் குரல் தணிந்தது.

"வந்து என்ன செய்ய புள்ள? உம்மாக்கு ஒரு கபுறு இருந்தா அதுக்காகவாவது வரலாம். சாம்பலுக்கு எங்க போறது?"

அவனுடைய தாய் ஸஹீதா 2021 ஜனவரியில் இறந்தார். கொரோனாவால் இறந்தோரை அடக்கம் செய்ய விடாமல் எரித்த காலம் அது. ஊரடங்கு வேறு. மகன் கட்டாரில், மகள் காத்தான்குடியில் சாச்சியுடன். ஸஹீதாவைக் கொழும்புக்குக் கொண்டு போனார்கள், அங்கேயே மௌத்தானார், அங்கேயே எரித்து விட்டார்கள் என்று அவருடைய கணவர் அலியார் ஊருக்குச் சொன்னார். மூன்று மாதத்தில் அலியாரும் போய்ச் சேர்ந்தார். றுஸ்தி அதன் பின்னர் ஊர்ப்பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

மதியச் சோற்றின் போது ஆதம்பாவா ஒரு கேள்வி கேட்டார்.

"மகள், அந்த வளவில குழி எங்க வருது?"

"பின்னாலதான் வாப்பா. முன்வாசல்லயா வெப்பாங்க?"

"பின்னால எண்டா?"

"கிணத்துக்கு எட்டவா, வாவிப் பக்க மூலையில. அந்த மருதோன்றிச் செடிய வெட்டினா இடம் தோதா வரும்."

ஆதம்பாவா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினார்.

அவள் அதனைப் பொருட்படுத்தவில்லை.

படத்தில் பெரும்பகுதி முடிந்திருந்தது. தொழும்போது நோக்கும் கிப்லாத் திசையை ஒரு சிவப்பு அம்புக்குறியால் குறித்திருந்தாள். மலசலகூட இருக்கை அத்திசையை முன்னோக்கவும் இல்லை, பின்னோக்கவும் இல்லை. அவ்வளவு கவனம். எஞ்சியது குழி ஒன்றே. மூலையில் நின்ற மருதோன்றிச் செடியைத் திரையில் அழித்தாள். அவ்விடத்தில் குழியை வைத்தாள். படத்தைச் சேமித்துவிட்டு அஸர் தொழ எழுந்தாள்.

பிற்பகல் 3.50. தொழுது முடித்து வந்து அமர்ந்தாள்.

திரையில் குழியின் பக்கத்தில் மருதோன்றிச் செடி நின்றது.

அழிக்க மறந்திருக்கலாம் என்று எண்ணி மீண்டும் அழித்தாள். தேநீர்க் கோப்பையை எடுப்பதற்காக மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

திரை அசைந்தது.

வீடு ஒரு படி நெருங்கியது. மற்றொரு படி. இன்னொரு படி... குறி நின்ற இடம் குழியின் நடு. திரை அதை நோக்கிச் சிறிது சிறிதாக இறங்கியது. சற்று நின்றது. மறுபடி இறங்கியது.

ஈரக்காற்றில் மவுஸ் நனைந்திருக்கும், ஈரத்தை விரல் என்று அது தவறாக எண்ணியிருக்கும் என்று அவள் கருதினாள். துணியால் துடைத்தாள். உண்மையில் அதன் முதுகு ஈரமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கோடாக. நீளவாட்டில். துணியில் செம்மண் நிறம் ஒட்டியது.

4.30. மீண்டும் தொடங்கியது.

இம்முறை அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினாள். முப்பத்து மூன்று படிகள். ஓய்வு. மறுபடி முப்பத்து மூன்று படிகள். ஓய்வு. பிறகு பத்தொன்பது... அத்துடன் நின்றுவிட்டது.

தொழுகை அறிந்தவர்க்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. தொழுத பின் விரல் கணுக்களைத் தடவி எண்ணும் தஸ்பீஹ் அது. முப்பத்து மூன்று. முப்பத்து மூன்று. கடைசிச் சுற்று முப்பத்து நான்கு. ஆனால் இங்கே கடைசிச் சுற்று பத்தொன்பதில் அறுந்திருந்தது.

அவள் மவுஸைக் கவிழ்த்து இரண்டு பற்றரிகளையும் கழற்றினாள். மேசையில் அருகருகே வைத்தாள். குழிக்கு அளவு குறிக்கும் வேலையை மடிக்கணினியின் விசைகளாலேயே மெல்ல மெல்லச் செய்தாள். வேலையை நிறுத்த இயலாது. விடிந்தால் மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வரும்.

அந்தி சாய்ந்ததும் மஃரிபு பாங்கு கேட்டது. வாப்பா பள்ளிவாசலுக்குப் போனார். அவள் தொழுதாள். வந்து அமர்ந்தாள்.

மாலை 6.21. வீட்டில் அவள் மட்டும்.

சர்... என்று ஒரு சத்தம். காய்ந்த தோல் வழுவழுப்பான பொருளில் உராயும் சத்தம்.

சர்... சர்...

திரை இறங்கத் தொடங்கியது.

பற்றரிகள் மேசையில் கிடந்தன. மவுஸ் கவிழ்ந்தே கிடந்தது.

முப்பத்து மூன்று. குறி குழியின் மூடியைத் தொட்டது.

ஓய்வு.

மறுபடி முப்பத்து மூன்று. திரை மூடியை ஊடுருவி நிலத்துக்குள் சென்றது. மென்பொருளில் இது வழமைதான். அளவுக்கு மிஞ்சி நெருங்கினால் சுவரும் தரையும் ஊடறுந்து போகும். அப்பால் ஒன்றும் இராது. சாம்பல் நிற வெறுமை மட்டுமே.

ஓய்வு.

பதினேழு... பதினெட்டு... பத்தொன்பது.

நின்றது.

பின்னர் காட்சி சரிந்தது.

அந்த மென்பொருளில் காட்சி சரியாது. எப்படிச் சுழற்றினாலும் நிலம் கீழே, வானம் மேலே. மூன்று ஆண்டுகளில் ஒரு நாளேனும் அது சரிந்து அவள் கண்டதில்லை.

அன்று சரிந்தது.

மெதுவாக.

வலப்புறமாக.

ஒருவரை ஒருக்களித்துக் கிடத்துவது போல.

குழிக்குள்ளிருந்து பார்க்கும் பார்வை. எதிரே, நேர் எதிரே, சிவப்பு அம்புக்குறி. கிப்லா.

மையித்தை வலப்பக்கமாக ஒருக்களித்து, முகத்தைக் கிப்லாவுக்குத் திருப்பித்தான் கபுறில் வைப்பார்கள்.



படலை திறந்தது. செருப்புச் சத்தம். வாப்பா.

"லைட்டையும் போடாம என்ன செய்ற மகள்?"

அவர் அருகே வந்தார். ஆயுளில் முதன்முறையாக அந்தத் திரையை உற்றுப் பார்த்தார்.

"இதென்ன?"

"குழி வாப்பா... உள்ளுக்கிருந்து பாக்கிற மாதிரி."

"எந்தக் குழி?"

"மருதோன்றி நிக்கிற இடம்."

ஆதம்பாவா நிலத்தில் குந்தினார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அந்த மருதோன்றி நான் வெச்சது," என்றார்.

"நீங்களா?"

"கபுறுக்கு அடையாளமா மீசான் கட்டை நட ஏலாது. கண்டா மையித்தத் தோண்டி எடுத்துக்கொண்டு போய் எரிச்சிருவாங்க. அதால ஒரு கம்ப வெட்டி ஊண்டினன்."

"ஆர வாப்பா..."

"ஸஹீதாவ. கொழும்புக்கு ஒருத்தரும் கொண்டு போகல்ல. அவ வீட்டிலதான் மௌத்தான. நானும் அலியாரும்தான் வெட்டினம். நாங்க ரெண்டு பேரும்தான் தொழுத. ஒருத்தருக்கும் சொல்றதில்ல எண்டு குர்ஆனத் தொட்டு என்னட்டச் சத்தியம் வாங்கினான். பிறகு அவனும் போய்ட்டான்."

"எரிக்கிறத நிப்பாட்டின பிறகாவது சொல்லியிருக்கலாமே?"

"சத்தியம் மகள். நாலு வருசமா நெஞ்சுக்குள்ள கல்லு மாதிரிக் கிடக்கு. மத்தியானம் நீ சொன்னதில இருந்து தண்ணியும் இறங்கல்ல."

றுமானா கைப்பேசியை எடுத்தாள். றுஸ்தியின் எண்ணை அழுத்தி வாப்பாவின் கையில் கொடுத்தாள்.

"சொல்லுங்க. சொல்லாட்டி நாளைக்கு அந்தப் பெக்கோ வாளி எங்க இறங்கும் எண்டு யோசிங்க."

மணி அடித்தது. எடுத்தான்.

"தங்கச்சி, படம் ரெடியா?"

"நான் ஆதம்பாவா மாமா, மனே."

அவர் சொன்னார். சுற்றி வளைக்காமல், நாலே வசனத்தில் சொன்னார். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று றுமானா எட்டிப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"மாமா..."

"ஓம் மனே."

"அப்ப... உம்மாவ எரிக்கல்லயா?"

"இல்ல மனே. உன்ட வளவிலதான் இரிக்கிறா."

அவன் அழுதான். பெரிய ஆண்பிள்ளை அழும் அழுகை. ஆதம்பாவா கைப்பேசியைக் காதில் வைத்தபடியே கண்களை மூடிக்கொண்டார்.

"மாமா, உம்மா கடைசியா என்னையக் கேட்டாவா?"

"நான் போகக்குள்ள மூச்சு அடங்கியிருந்திச்சு. அலியார்தான் பக்கத்தில இருந்தவன். மஃரிபு தொழுதிட்டுப் படுத்தபடியே தஸ்பீஹ் எண்ணினாவாம். அலியாரும் கூடவே எண்ணியிருக்கான். மூணாஞ் சுற்று முடியல்ல மனே. பத்தொன்பதில விரல் நிண்டிட்டாம். குழி வெட்டி முடியுமட்டும் அவன் அதத்தான் சொல்லிக்கொண்டு நிண்டவன். பத்தொன்பதில நிண்டிட்டு, பத்தொன்பதில நிண்டிட்டு எண்டு..."



அந்த எண்ணை றுமானா வாப்பாவிடம் சொல்லவேயில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மடிக்கணினியின் விசைகளை அழுத்தினாள். குழியைத் தெரிவு செய்தாள். மலசலகூடத்தின் மறுபுறம், வீதிப் பக்கமாக நகர்த்தினாள். வாவிப் பக்க மூலை வெறுமையானது. அவ்விடத்தில் மருதோன்றிச் செடியைத் திரும்ப வைத்தாள். சேமித்தாள்.

சரிந்திருந்த காட்சி தானாக நிமிர்ந்தது.

சர்...

ஆதம்பாவா கண்களைத் திறந்தார். அவருக்கும் கேட்டது.

"அதென்ன சத்தம் மகள்?"

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இருபது.

இருபத்தொன்று.

இம்முறை திரை இறங்கவில்லை. ஒவ்வொரு தடவலுக்கும் ஒரு படி மேலே வந்தது. நிலத்துக்கு வெளியே. செடிக்கு மேலே. கூரைக்கும் மேலே...

முப்பத்திரண்டு.

முப்பத்து மூன்று.

நீண்ட ஓய்வு. கைப்பேசியில் றுஸ்தியின் அழுகை மட்டும் கேட்டது.

சர்...

முப்பத்து நான்கு.

அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அன்று மட்டுமல்ல, என்றுமே இல்லை. மவுஸைத் திருப்பிப் பார்த்தபோது அதன் முதுகில் ஒரு விரல் பருமனில் ஈரக்கோடு இருந்தது. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கவே அது காய்ந்து மறைந்தது.

அப்போது திரையின் மூலையில் இருந்த நேரம், மாலை 6.52.