வழங்கப்பட்டதாகக் கருதப்படும்

மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 48: ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையின்மைச் சான்று கேட்டு விண்ணப்பித்து, முப்பது நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் சான்று வழங்கப்பட்டதாகவே கருதப்படும்.

பணிக்காலம் முழுவதும் அரசுக் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். ‘கருதப்படும்’ என்ற சொல் எவ்வளவு தூரம் நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அது மேசையை விட்டு இறங்காது. தெரிந்தே அதை நம்பினேன். பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, தேனி அல்லிநகரத்தில் டயாலிசிஸ். எங்களுக்குக் கிடைத்தது காலை ஆறு மணி முறை. வீடோ சுருளிப்பட்டியில். முதல் பஸ் பிடித்துக் கம்பத்தில் மாறிப் போனால் ஏழரை ஆகிவிடும். அதற்குள் அந்தப் படுக்கையில் வேறொருவர் இருப்பார். ஒரு மாதத்தில் மூன்று முறை வராதவரின் இடம் காத்திருப்பில் உள்ள அடுத்தவருக்குப் போகும் என்று அங்கே சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. நியாயமான விதி. என்னை எழுதச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

வாடகைக்கு வண்டி வைக்கக்கூடாதா என்று கேட்டார்கள். விடியற்காலையில் எங்கள் பக்கம் ஓட்டத் தெரிந்தவர் யாரும் சமதரையில் இருப்பதில்லை. எல்லாரும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் குமுளி மலை ஏறிக்கொண்டிருப்பார்கள். தேனிக்கே குடிபோகலாம் என்று வீடு பார்த்தோம். கிடைத்தவையெல்லாம் மாடி. படியின் இரண்டாவது வளைவில் அவள் உட்கார்ந்துவிட்டாள். மகள் வெளிநாட்டில் இருக்கிறாள், போனில் வருத்தப்படுவாள்.

ஆகவே ஓய்வு பெற்றுப் பல வருடம் கழித்துப் பழகுநர் உரிமம், எல்.எல்.ஆர்., எடுத்தேன். ஆறு மாதம் செல்லும். முதல் முப்பது நாள் கழித்து ஓட்டிக் காட்டி உரிமம் வாங்க வேண்டும். கம்பத்து டிரைவிங் ஸ்கூல் கார் என் இடது முழங்காலிடம் தோற்றது, அல்லது முழங்கால் அதனிடம் தோற்றது. கிளட்சை மிதித்தால் கால் திரும்பி மேலே வரவில்லை. வாழைத்தார் வண்டிகளுக்கு நடுவே மூன்று முறை நின்றுபோனேன். கிளட்ச் இல்லாத வண்டிதான் உங்களுக்குச் சரி, அதைக் கொண்டுவந்தால் அதிலேயே ஓட்டிக் காட்டலாம் என்றார் பயிற்சியாளர். அப்படி, என் கைக்கு எட்டும் விலையில், பழைய வண்டி ஒன்று போன் விளம்பரத்தில் கிடைத்தது. வட கேரளத்தில், ஒரு இரவுப் பயண தூரத்தில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவருடையது. கண்பார்வை குறைந்ததால் விற்கிறார். போனில் பேசி முடித்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். பேசியதை உறுதி செய்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். இணைப்பு ஒன்று, ஆதார் நகல். இணைப்பு இரண்டு, முகவரிச் சான்று. இணைப்பு மூன்று, என் எல்.எல்.ஆர். நகல், கையொப்பமிட்டது. கேட்காத காகிதத்தை இணைக்காதே என்று எனக்குக் கீழே வேலை பார்த்த எத்தனையோ பேரைத் திட்டியவன் நான்.

வெள்ளிக்கிழமை அவர் போன் வந்தது. “சாரே, தப்பா நினைக்கண்டா. நிங்கள் ஓட்டப் படிக்கிற ஆளாணு. பேப்பர் மாறாதெ சாவி தரான் பற்றில்லா.”

பெயர் மாறும் முன் நான் யார் மேலாவது ஏற்றிவிட்டால் நோட்டீசு அவர் வீட்டுக்குப் போகும். நானாக இருந்தாலும் சாவியைக் கொடுத்திருக்க மாட்டேன். தடையின்மைச் சான்றுக்கு மறுநாளே விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டின் நகலை எனக்கு அனுப்பினார். கேட்காமலே அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமைப் போன் பேச்சை மனைவி சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “அந்தக் காயிதத்த அவுக கேட்டாகளா?”

இல்லை என்றேன்.

“பெறகு எதுக்கு வச்சு அனுப்புனீக?”

கடிதத்தின் என் படியை எடுத்துக் கோப்பில் செருகினேன்.

முப்பது நாள் ஆனது. பிரிவு 48-ஐ மேற்கோள் காட்டி அவருக்கு எழுதினேன். கருதப்பட்டதைக் கையில் காட்ட முடியுமா என்று திருப்பி எழுதினார். முடியாது. இரண்டாம் நினைவூட்டு, மூன்றாம் நினைவூட்டு. பிறகு பதிலே இல்லை.

அதுவரை திராட்சை வண்டியில் போனோம். பக்கத்துத் தோட்டத்தில் பழம் வெட்டும் நாளெல்லாம் ஒரு மினி லாரி நாலரைக்குத் தேனிக்குக் கிளம்பும். “ஆத்தாள முன்னால ஏத்துங்கய்யா,” என்றார் ஓட்டுநர். “நீங்க பின்னால பெட்டிக்கிட்ட. பழத்து மேல மட்டும் சாயாதீக.” ஒரு நாள் தார்ப்பாயை இறுக்கிக்கொண்டே, “எல் போர்டு வாங்கி வச்சிருக்கீகளாம்ல, குடுங்க, ரெண்டு நா இதுல ஒட்டிக்கிறேன், ஒதுங்கி வழி விடுவாக,” என்றார். மனைவி சிரித்தாள். அந்த மாதங்களில் அவள் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் தலை ஜன்னல் கம்பியில் மோதி மோதி ஆடும். என் கையை இடையில் வைத்துக்கொண்டு வருவேன்.

பிறகு கொடிக்குக் கவாத்து வெட்டினார்கள். பழமில்லை, லோடு இல்லை, வண்டியுமில்லை. கிடைத்த வண்டியைக் கெஞ்சிப் பிடித்துப் போனாலும் அந்த மாதத்தில் ஒரு வியாழன் தப்பியது. அடுத்த வாரம் ஒரு சனி. அவள் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மலைக்குப் போகும் ஜீப்காரர் ஒருவர் மறுநாள் தேனியில் கொண்டுபோய் விடுவதாகத் திங்கள் சாயங்காலம் வாக்குக் கொடுத்தார். விடிகாலை நாலு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினால், தோட்டத்திலிருந்து ஆள் வந்து அழைத்துப் போய்விட்டதாக அவர் மனைவி சொன்னார். அவரால் என்னை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இருட்டில் திரும்பி நடந்தேன். உடுத்தித் தயாராக உட்கார்ந்திருந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

பதினொரு மணிக்குத் தபால்காரர் வந்தார். தலைமையாசிரியரின் கடிதம். சான்று கிடைத்துவிட்டது, வண்டியை எடுத்துக்கொள்ளலாம், வரும்போது உரிமம் உள்ள ஒருவரையும் நடப்பில் உள்ள எல்.எல்.ஆரையும் கொண்டுவரவும். என்னுடையது முந்தின நாளோடு முடிந்திருந்தது. புதிதாக எடுத்தால் உரிமத்துக்கு மறுபடி முப்பது நாள்.

பழக்கம் விடவில்லை. பேனாவை எடுத்து உறையின் மூலையில் ‘பெறப்பட்டது’ என்று எழுதி, கிழமையையும் குறித்தேன். செவ்வாய். அந்த மாதத்தில் நாங்கள் வராத மூன்றாவது நாள்.