முராகோஷி முப்பத்தோரு வருடம் விழுந்த வரலாறு

சகாத்தா நகரில் மூன்றாம் எண் பேருந்தை ஓட்டிவந்த முராகோஷி யோஷிஹிதேவைப் போல் விழத் தெரிந்தவர் வட ஜப்பானிலேயே கிடையாது. எங்கள் ஐகிடோ கூடத்தில் முப்பத்தோரு வருடம் விழுந்தார். அதில் எட்டு வருடம் பின்வரிசையில் மண்டியிட்டுப் பார்த்தவன் நான்.

ஐகிடோ என்ற இந்தத் தற்காப்புக் கலையில் போட்டி கிடையாது. ஒருவர் தாக்குவார், மற்றவர் அந்த வேகத்தையே திருப்பி அவரை எறிவார். எறிபடுகிறவர் முரண்டு பிடித்தால் மணிக்கட்டு போய்விடும். ஆகவே இசைந்து விழுவதுதான் பண்பு. எங்கள் ஆசிரியர் தொகாவா சென்செயிடம் எறிபடும் பாக்கியம் முராகோஷிக்கே வாய்த்திருந்தது.

இது வளரும் கலை என்பார் சென்செய். வளர்ந்ததற்குச் சாட்சிகள் இருக்கிறோம். ஐம்பது வயதில் முராகோஷியின் கையைப் பிடித்து எறிந்தார். அறுபதில் இரண்டு விரலால் தொட்டார். எழுபதில் தொடவே இல்லை; உள்ளங்கையைக் காட்டினாலே பேருந்து ஓட்டுநர் பாயில் உருண்டார். இந்த வளர்ச்சியில் முராகோஷியின் முழங்கால்களுக்கும் பங்குண்டு என்று யாரும் சொன்னதில்லை. சொல்வது மரியாதையுமல்ல.

எழுபத்தொன்பதாம் வயதில், செவ்வாய்க்கிழமை வகுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கப் போவதாக சென்செய் அறிவித்தார். ஆண்டு விழா முடிந்ததும் பெயர் சொல்வாராம். முராகோஷிக்கு வாழ்க்கையில் அதைத் தவிர வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. பணிமனையில் காலிப் பேருந்தின் இருக்கைகளை வணங்கி வகுப்பு நடத்திப் பார்க்கிறார் என்று அவருடன் வேலை செய்யும் ஓட்டுநர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

விழா மேடை ஏறுமுன் சென்செய் அவரிடம், "முராகோஷி, இன்னைக்கு மரியாதையெல்லாம் பாக்காத. நெசமாவே குத்து" என்றார்.

வருடாவருடம் சொல்வதுதான். "சரிங்க" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் விழ வேண்டும் என்பது எங்களுக்கு புதிதாகச் சேர்ந்து வெள்ளைப் பட்டை கட்டும் காலத்திலேயே புரிந்துவிடும். அந்த வருடம் மட்டும் முராகோஷி அதை அப்படியே நம்பிவிட்டார். வகுப்பெடுக்கப் போகிறவன் உண்மையாக இருக்க வேண்டாமா என்று யோசித்தாராம்.

குத்தினார். சென்செய் உள்ளங்கையைக் காட்டினார். முஷ்டி அதைக் கடந்து போய் மார்பில் இறங்கியது. சென்செய் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

அரங்கில் அறுநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்துத் தாக்குவதற்காகக் காத்திருந்த இன்னொரு மாணவர் ஓனோதேரா, நாலடி தள்ளி நின்றவர், யாரும் எதுவும் செய்யாமலே அந்தரத்தில் ஒரு கரணமடித்து விழுந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே சென்செயின் ஆற்றல் பரவுகிறது என்று கூட்டம் புரிந்துகொண்டது. அப்படியொரு கைதட்டல். நானும் தட்டினேன்.

உடை மாற்றும் அறையில் நாங்கள் மூவர்தான். நான் மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சென்செயின் கை இன்னும் மார்பிலேயே இருந்தது.

"இத்தன வருஷமும் நீயாதான் விழுந்தியா?" என்று கேட்டார், தாழ்ந்த குரலில்.

முராகோஷி நிமிர்ந்து பார்த்தார். கிழவரின் முகத்தில் அன்று ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"இல்லீங்க சென்செய். நான் குத்துனதுதான் தப்பு. தோள் முந்திக்கிச்சு."

சென்செயின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "அதான பாத்தேன்" என்றார். பிறகு நீதிமானாக யோசித்தார். "முப்பத்தோரு வருஷமாகியும் குத்தே சரியா வரலைன்னா, உன்ன நம்பி எப்படி வகுப்பக் குடுக்கிறது? நீயே சொல்லு."

குத்து சரியில்லை என்று சாட்சி சொன்னவரே அவர்தானே. முராகோஷி நெற்றி பாயில் பட வணங்கினார்.

செவ்வாய்க்கிழமை ஓனோதேராவுக்குப் போயிற்று. எங்கள் கூடம் யாரையும் வெளியே அனுப்பாது, அனைவரையும் அரவணைப்போம். முதல் வகுப்பிலேயே ஓனோதேரா கனிவோடு, "முழங்கால கவனிச்சுக்குங்க முராகோஷி-சான். புதுசா சேர்றவங்களுக்கு விழ மட்டும் சொல்லிக்குடுங்க, போதும்" என்றார்.

இப்போது மூலைப் பாயில் அதைத்தான் செய்கிறார். போன வாரம் அஞ்சலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி புதிதாகச் சேர்ந்தார். யாரும் தொடுவதற்கு முன்னாலேயே ஏன் விழ வேண்டும் என்று அவரைக் கேட்டார்.

"முழங்காலுக்கு நல்லதுங்க" என்றார் முராகோஷி.