நாற்காலியில் உட்கார்ந்தபடி ஏழாயிரம் அடி

1. டார்கெட் முடிந்தது

குருசாமி அய்யாவின் கையில் இருந்த வாட்ச் விர்ரென்று அதிர்ந்தது. திரையில் வாண வேடிக்கை போல ஒரு படம் வந்து போனது. அன்றைக்கு நடக்க வேண்டிய அடிகளை நடந்து முடித்துவிட்டார், டார்கெட் முடிந்தது என்று அதற்கு அர்த்தம். அந்த நேரத்தில் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பிசியோதெரபிஸ்ட். ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, வீடுகளுக்குப் போய் சிகிச்சை கொடுக்க ஆரம்பித்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு நாலைந்து வீடுகள். ஒன்றுவிட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போய்வருவேன். அதில் ஒன்று குருசாமி அய்யாவின் வீடு. அவருக்குப் பார்க்கின்சன். நடுக்குவாதம் என்பார்கள். வலது கை சும்மா இருக்கும்போதெல்லாம் நடுங்கிக்கொண்டே இருக்கும். நடை சின்னச் சின்ன அடியாகக் குறுகிவிட்டது. திரும்பும் இடத்தில் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் அப்படியே நின்றுவிடும். நாங்கள் அதை ஃப்ரீஸிங் என்போம்.

"அய்யா, காலையில இருந்து எவ்வளவு நடந்தீங்க?" என்று கேட்டேன்.

"பாத்ரூமுக்குப் போனேன். சாப்பிட வந்தேன். அம்புட்டுதாம்மா."

அடுப்படியில் இருந்து அவர் மனைவி வேலம்மாள் சொன்னார்: "அந்த வாட்ச்சு சொல்லுததை நம்புனா இவிய தெனமும் மதுரைக்கு நடந்து போயிட்டு வாராக."

வாட்ச்சைப் பார்த்தேன். ஏழாயிரத்தை ஒட்டி இருந்தது. நாற்காலிக் கைப்பிடியில் கிடந்த அவர் கை நடுங்க நடுங்க, என் கண் முன்னாலேயே அந்த எண் ஏறிக்கொண்டிருந்தது.

2. வாட்ச் எதை எண்ணுகிறது

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். கையில் கட்டும் வாட்ச்சுக்குக் கால் தெரியாது. மணிக்கட்டு அசைவதை உள்ளே இருக்கும் சென்சார் உணர்கிறது. ஒரே சீராக அசைந்தால் ஆள் நடக்கிறார் என்று கணக்கில் சேர்க்கிறது. கை வீசி நடக்கிறவருக்கு அது ஓரளவு சரியாகவே வரும். குருசாமி அய்யாவின் கை நடுக்கமும் அதைப் போலவே சீரானது. எல்லா வாட்ச்சும் இப்படி ஏமாறும் என்று சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது ஏமாந்தது.

இதற்கு நேர்மாறான தப்பும் உண்டு. வாக்கரைப் பிடித்து நடக்கும்போது இரண்டு கையும் அதன் கைப்பிடியில் இறுக்கமாக இருக்கும். மணிக்கட்டு அசையாது. ஆள் தெருக்கோடி வரை போய் வந்தாலும் வாட்ச்சைப் பொறுத்தவரை அவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

அன்றே சோதித்துப் பார்த்தேன். வாட்ச்சைக் கழற்றி, அவருடைய கணுக்காலில் சாக்ஸுக்கு மேலே கிரேப் பேண்டேஜ் துண்டால் கட்டினேன். வாக்கரோடு வாசல் வரை நடக்கவைத்து இருவரும் வாய்விட்டு எண்ணினோம். ஒன்றிரண்டு அடிதான் வித்தியாசம். அதே வாட்ச்சைக் கையில் கட்டி அதே தூரத்தை நடந்தபோது எண் நகரவே இல்லை.

"இது என்னம்மா, உக்காந்தா ஓடுது, நடந்தா நிக்குது!" என்று சிரித்தார். கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர் அவர். வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, பிளவக்கல் அணைப் பக்கத்துத் தோட்டங்கள் என்று பஸ் போகாத இடத்துக்கெல்லாம் நடந்தே போய் சம்மன் கொடுத்துவிட்டு வந்தவர்.

நான் சிரிக்கவில்லை. அந்த எண் எங்கே போய்ச் சேர்கிறது என்று எனக்குத் தெரியும்.

3. புனேயில் இருந்து வரும் போன்

அவருடைய ஒரே மகன் ரமேஷ் புனேயில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். வாட்ச்சை வாங்கி அனுப்பியது அவர்தான். அப்பாவின் அடிக்கணக்கு அவருடைய போனில் தெரியும்படி வைத்திருந்தார். சாயங்காலமானால் போன் வந்துவிடும். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார்கள் என்பதால் நானும் இரண்டொரு முறை கேட்டிருக்கிறேன்.

"அப்பா, ஏழாயிரம் தாண்டிட்டீங்க! நானே இங்க மூவாயிரத்தைத் தாண்டலை."

"ஏலே, நான் யாரு? அமீனால்லா."

மாதாமாதம் அந்த எண் ஏறிக்கொண்டே வந்தது. அப்பா தேறிவருகிறார் என்று மகன் நினைத்தார். உண்மையில் ஏறிக்கொண்டிருந்தது நடுக்கம். நடை குறைந்துகொண்டே போனது. ரமேஷ் அந்த கிராஃபை மதுரையில் இருக்கும் நரம்பு டாக்டருக்கு அனுப்பினார். நன்றாக நடக்கிறாரே, இதே மாத்திரையைத் தொடரலாம் என்று அவரும் சொல்லிவிட்டார். நேரில் கூட்டிப்போய்க் காட்டியே பல மாதம் ஆகியிருந்தது.

வேலம்மாள் மகனிடம் சொல்லாமல் இல்லை. "அப்பா முன்ன மாதிரி எந்திரிக்கவே மாட்டேங்காக, ரமேசு" என்றிருக்கிறார். "அம்மா, நீங்க பயந்துக்கிட்டே இருக்கீங்க. இங்க டேட்டா தெளிவா இருக்கு" என்று பதில் வந்திருக்கிறது. வீட்டிலேயே இருந்து இரண்டு கண்ணால் பார்க்கிற மனுஷியின் சொல்லைவிட ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தெரிந்த கோடு பெரிதாகப் போனது. ரமேஷைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பயம் அதிகம். அந்தப் பயத்தைக் குறைக்கும் எதையும் அவர்கள் விட மாட்டார்கள்.

குருசாமி அய்யாவிடம் தனியாகக் கேட்டேன். "அய்யா, இவ்வளவு நடக்கலைன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியாம என்ன? முன்ன எல்லாம் ஞாயித்துக்கிழமை மட்டும் பேசுவான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்டு வச்சிருவான். இப்ப தெனமும் கால் மணி நேரம் பேசுதான். சிரிச்சுப் பேசுதான். அதைப் போயி கெடுக்கவாம்மா?"

"இதை வச்சுத்தான் அய்யா உங்க மாத்திரையை முடிவு பண்ணுறாங்க."

கையில் இருந்த வாட்ச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப நீங்களே அவன்கிட்ட சொல்லிருங்க. என்னால ஏலாது" என்றார்.

4. வீடியோ கால்

மறுநாளே வீடியோ காலில் ரமேஷிடம் பேசினேன். வாயால் சொன்னால் நம்ப மாட்டார் என்று தோன்றியதால், அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, வாட்ச்சை கேமராவுக்கு நேராகக் காட்டச் சொன்னேன். எண் ஏறியது. ரமேஷ் தன் போனிலும் அது ஏறுவதைப் பார்த்தார்.

"அப்போ இத்தனை மாசமா நான் பார்த்துக்கிட்டிருந்தது அப்பாவோட நடுக்கத்தையா, மேடம்?"

"ஆமா தம்பி."

"படுக்கப் போறதுக்கு முன்னாடி அந்த கிராஃபைப் பார்த்துட்டுத்தான் படுப்பேன்."

செய்ய வேண்டியதைச் சொன்னேன். டாக்டரிடம் நேரில் காட்ட வேண்டும். வாட்ச் வேண்டும் என்றால் கணுக்காலில் கட்ட வேண்டும், வாக்கரில் நடக்கும்போது கையில் இருந்தால் கணக்கு வராது. எல்லாவற்றையும் சொன்னேன். "சரி மேடம், சரி மேடம்" என்றார். இத்தனை நாள் பார்த்தது நடுக்கத்தை என்ற முதல் செய்தியிலேயே அவர் மனம் நின்றுவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். நல்ல பலன் இருந்தது. ஃப்ரீஸிங் வரும் இடங்களில் தரையில் கலர் டேப் ஒட்டி, அதைத் தாண்டிக் கால் வைக்கப் பழக்கினேன். வாக்கரோடு தெருமுனை வரை போய்வருகிற அளவுக்குத் தேறினார். வாட்ச் மட்டும் அதே வலது கையில்தான் இருந்தது; நானும் அதைத் திரும்பக் கேட்கவில்லை. அந்தச் சமயத்தில் என் மகளின் பிரசவம் வந்தது. இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டு திருநெல்வேலிக்குப் போனேன்.

5. இடது கை

நான் இல்லாத நாட்களில் நடந்ததைப் பிற்பாடு வேலம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நடுக்கம் இல்லாத கையில் கட்டினால் கணக்கு சரியாக வரும் என்று ரமேஷ் எங்கோ படித்திருக்கிறார். அது பொய் இல்லை, வெறும் கையோடு நடக்கிறவருக்கு. வாட்ச்சை இடது கைக்கு மாற்றும்படி அம்மாவிடம் சொன்னார். மாற்றிய அன்றே எண் தரைக்கு வந்துவிட்டது. சில நூறு அடிகள், அவ்வளவுதான். இதுதான் உண்மைக் கணக்கு, அப்பா நடப்பதே இல்லை என்று ரமேஷ் முடிவு செய்துவிட்டார். பயம் முன்பைவிட அதிகமானது. காலையிலும் போன், சாயங்காலமும் போன்.

"என்னப்பா, இவ்வளவுதானா? உக்காந்தே இருந்தா கால் மடங்கிப் போகும்ப்பா. ப்ளீஸ்ப்பா, நடங்கப்பா."

"நடந்தேம்ல. முக்குக்கடை வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"இதுல வரலையேப்பா."

மகன் அப்பாவைப் பொய் சொல்லுகிறவராக நினைக்க ஆரம்பித்தார். ஊர் ஊராகச் சம்மன் கொண்டுபோன மனுஷருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவரே வாட்ச்சை உற்றுப் பார்த்திருக்கிறார். வாக்கரைப் பிடித்து நடந்தால் எண் நகரவில்லை. வாக்கரை விட்டு நாலு அடி வைத்தால் நகர்கிறது.

வேலம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில், வாக்கரை வாசல் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவர் தெருவில் இறங்கினார். முக்குக்கடை வரை நன்றாகவே போயிருக்கிறார். அங்கே திரும்பும்போது கால் ஒட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. டீக்கடையில் நின்றிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள்.

6. மதுரை ஆஸ்பத்திரியில்

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் திருநெல்வேலியில் இருந்து நேராக மதுரைக்குப் போனேன். ரமேஷை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். முகமெல்லாம் வீங்கிப்போய் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வாக்கர் இல்லாம எதுக்குப்பா போனீங்க?" என்று அவர் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

குருசாமி அய்யா மெதுவாகச் சொன்னார்: "அதைப் பிடிச்சா உனக்குக் கணக்கு வர மாட்டேங்குலே. நான் நடக்கேம்னு உனக்குத் தெரியணும்லா."

ரமேஷ் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்தபடி நின்றார். "வாக்கர்ல கணக்கு வராதுன்னு நீங்க சொன்னீங்களா மேடம்?" என்று கேட்டார். சொன்னேன் என்றால் அந்தப் பாரம் முழுவதும் அவர் தலையில் ஏறும். சொல்லவில்லை என்றால் பொய். "அன்னைக்கு நிறைய விஷயம் பேசினோம் தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

7. அதற்குப் பிறகு

ரமேஷ் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார். கட்டிலில் இருந்து எழுப்புவது, இடுப்பில் பெல்ட் கட்டிப் பிடித்துக்கொள்வது, பக்கத்தில் எந்தக் காலை முன்வைத்து நிற்பது எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டார். தினமும் சாயங்காலம் கட்டிலில் இருந்து வாசலுக்கு அப்பாவும் மகனும் நடப்பார்கள்.

"போதுமாப்பா?"

"இன்னும் செத்த தூரம் போவோம்லே."

பார்க்கின்சன் உள்ளவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் பழைய நடை திரும்புவது அபூர்வம். குருசாமி அய்யா அதற்குப் பிறகு வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. அடுத்த வருடம் மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனபோது வேலம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி ஒரு வருசம் பிள்ளை கூட இருந்தாம்மா. அதுக்கு இவிய விழவேண்டியிருந்துச்சு" என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நோயாளிகளின் பிள்ளைகள் இப்போது எண்களோடுதான் நம்மிடம் வருவார்கள். அந்த எண் தப்பாக இருக்கும்போது அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதோடு நம் வேலை முடிவதில்லை. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் இத்தனை நாள் தைரியமாக இருந்திருப்பார்கள். அதைப் பிடுங்கினால் பிடித்துக்கொள்ள வேறொன்றைக் கொடுக்க வேண்டும், கொடுத்தது கையில் நின்றதா என்று திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் வெளியூர்ப் பிள்ளைகளிடம், போனில் எத்தனை அடி என்று கேட்காதீர்கள், இன்றைக்கு எங்கே வரைக்கும் போனீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள் என்கிறேன். வாரம் ஒருமுறை வீடியோவில் அப்பாவின் காலைக் காட்டச் சொல்லுங்கள் என்கிறேன். அம்மா ஒன்று சொன்னால் அதை முதலில் கேளுங்கள் என்கிறேன்.

ரமேஷ் இதையெல்லாம் யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டார். அவர் கற்றுக்கொண்டபோது அவருடைய அப்பாவால் வாசல் வரைக்கும்தான் வர முடிந்தது.