ஊர்ப் படமும் ஒடியல் கூழும்

எங்கள் ஊர்ச் சங்கம் வெளியிட்ட மலர் ஒன்று இன்னமும் என்னிடம் இருக்கிறது. எறிய மனம் வரவில்லை, திறக்கவும் மனம் வரவில்லை. திறந்தால் நடுப்பக்கத்தில் நான் பேனையால் கீறிய ஊர் வரைபடம் இருக்கும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அஜின்கோர்ட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் குடியிருந்தேன். அப்போது ரொறன்ரோவில் நாலு குடும்பம் சேர்ந்தால் ஒரு சங்கம். எங்கள் ஊருக்கும் ஒன்று இருந்தது. ஊர் என்றால் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஒரு நீதிமன்றம், ஓர் உதவி அரசாங்க அதிபர் கந்தோர், சந்தை, பஸ் நிலையம், இவற்றைச் சுற்றிப் பன்னிரண்டு ஒழுங்கைகள். வழக்குக்கு வந்த சனத்துக்கு வடையும் தேத்தண்ணீரும் விற்றே பிழைத்த இடம். அதைப் பட்டினம் என்று சொல்லாவிட்டால் எங்கள் ஆட்களுக்குக் கோபம் வரும்.

சங்கத் தலைவர் அந்த நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை. ஆனாலும் வாயைத் திறந்தால் தீர்ப்பு வாசிக்கிற குரல்தான். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, "தம்பி, உமக்குத்தான் எழுத்து வரும். ஊரைப் பற்றி ஒரு கட்டுரையும் படமும் போட்டுத்தாரும். பிள்ளையள் ஊரை அறியாமல் வளருதுகள்" என்றார்.

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வார விடுமுறைகளில் வீடு வீடாகப் போய் விசாரித்தேன். எந்த வீதி எங்கே திரும்பும், எந்தக் கிணறு யார் வளவில் என்று குறித்தேன். அதோடு நிற்காமல், ஒவ்வோர் ஒழுங்கையிலிருந்தும் ரொறன்ரோவுக்கு வந்தவர்கள் யார் என்று படத்திலேயே பெயர் போட்டேன். இது என் சொந்த யோசனை. யாரும் கேட்கவில்லை.

என் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எங்கள் ஊர் அக்கா ஒருவர் இருந்தார். வருடா வருடம் கோடையில் சங்கம் நடத்தும் ஒன்றுகூடலுக்கு ஒடியல் கூழ் காய்ச்சுவது அவர்தான். சீனக் கடையில் நண்டும் இறாலும் வாங்கி, ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லி, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா எடுப்பித்து, பெரிய சட்டி நிறையக் கொண்டுவருவார். முந்திய இரண்டு வருடமும் மத்தியானத்துக்குள் சட்டி காலி. தலைவர் நாலு கோப்பை குடித்துவிட்டு அடியைச் சுரண்டித் தரச் சொன்னதை என் கண்ணால் கண்டேன். புருஷனும் பிள்ளைகளும் தவிர அக்காவுக்கு இந்த நாட்டில் சொந்தம் யாரும் இல்லை. ஊர்ச் சனம் தன் கையால் குடிக்கிறதே என்பதில் அவருக்கு அப்படியொரு நிறைவு.

அவரிடமும் போய் வீடு எங்கே என்று கேட்டேன்.

"சந்தைக்குக் கிட்ட எண்டு போடுங்கோ தம்பி. அது காணும்."

"இல்லை அக்கா. உங்கட வீடு குளத்துக்கு அங்கால, கடைசி ஒழுங்கையெல்லோ?"

அக்கா கையிலிருந்த துவாயை மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார். "சந்தைக்குக் கிட்ட எண்டாலும் பிழையில்லைத்தானே?"

நான் சிரித்தேன். "படம் எண்டால் சரியா இருக்க வேணும் அக்கா."

ரொறன்ரோவில் யாரும் யாரிடமும் சாதி கேட்பதில்லை. "ஊரில எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள். ஒழுங்கையைச் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்களே கணக்குப் பார்த்துக்கொள்வார்கள். குளத்துக்கு அங்கால் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பால்குடிக்கும் தெரியும். அக்கா கலியாணம் முடித்துச் சின்ன வயதிலேயே வவுனியாவுக்குப் போனவர் என்பதால் இங்கே ஒருவருக்கும் அவரை மட்டுக்கட்ட முடியவில்லை. எனக்குத் தெரியும். சிறு வயதில் குளத்தில் நீந்தப் போகையில் அந்த ஒழுங்கை முகப்பில் அவரைக் கண்டிருக்கிறேன். அவருக்கும் என்னைத் தெரிந்திருக்கும் என்று ஏனோ எனக்குத் தோன்றவில்லை.

அந்த நேரம் சாதியை நான் நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்கிற வசதி எனக்கு இருந்தது, அவ்வளவுதான். குளத்துக்கு அங்கால் கடைசி ஒழுங்கையில் அக்காவின் பெயரை வடிவான எழுத்தில் போட்டேன். எங்கள் வீட்டைக் கோயில் வீதியில் ஒரு சின்னச் சதுரமாகப் போட்டேன்.

மலர் சித்திரையில் வந்தது. எல்லோரும் படத்தைத்தான் புகழ்ந்தார்கள். ஒன்றுகூடல் ஆடியில், மில்லிக்கன் பக்கத்துப் பூங்காவில். அக்கா வழக்கம்போலச் சட்டியைக் காஸ் அடுப்பில் ஏற்றிச் சூடாக்கினார். நண்டு வாசம் எழும்பியது. பக்கத்தில் கோப்பைகளை அடுக்கி வைத்துவிட்டு அகப்பையோடு நின்றார்.

ஒருவரும் வரவில்லை.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். எங்கள் ஊர் வாய் அன்று அப்படி இறுக்கி மூடியிருந்தது. ஒருவருக்கு வயிறு சரியில்லை. இன்னொருவருக்குக் கடல் சாமான் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டாராம். அவர் பக்கத்து மேசையில் இறால் வடை தின்றுகொண்டு சொன்னார். கோப்பை கேட்டு ஓடிய ஒரு சின்னப் பெட்டையைத் தாய் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நாலு கோப்பைத் தலைவர் ஒலிபெருக்கியில் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். அகதி என்று சொல்லி வந்து, ஒரே தொழிற்சாலையில் ஒரே கக்கூசைக் கழுவுகிற கூட்டம். சீ! கடல் தாண்டும்போது எதை எதையோ தொலைத்த சனம், இந்த ஊத்தையை மட்டும் பத்திரமாகப் பொதி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது.

கூழில் ஆடை படர்ந்தது. அக்கா அகப்பையால் ஒதுக்கினார், திரும்பவும் படர்ந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று நடுப்புல்லால் நடந்துபோய் ஒரு கோப்பையை எடுத்து நீட்டினேன்.

"ஊத்துங்கோ அக்கா."

அக்கா சட்டியை மூடினார்.

"உங்களுக்கு இல்லை தம்பி."

"அக்கா, நான் வேணுமெண்டு செய்யேல்லை. சரியா இருக்க வேணும் எண்டுதான்..."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "உங்கட வீடு கள்ளுத் தவறணைக்குப் பின்னால எல்லோ இருந்தது? உங்கட அப்பா தவறணையில கணக்கெழுதினவர். நான் எத்தினை தரம் கண்டிருக்கிறன். அதைக் கோயில் வீதியில போட்டிருக்கிறியள். போடுங்கோ, எனக்கென்ன. எனக்கு மட்டும் ஏன் தம்பி அளந்து போட்டனீங்கள்?"

நான் கோப்பையை நீட்டியபடியே நின்றேன். பின்னால் யாருக்காவது கேட்டுவிட்டதோ என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.