உப்புக்காற்று என்று சொன்னவர்

திருப்பாலைவனம் வளைவில் மாடுகள் சாலையை மறித்துக்கொண்டு நின்றன. வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தபோதுதான் நம் ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து தேசப்பன் அண்ணன் போன் செய்தார். "செல்வி, ஒயரிங் கடை நசீர் பாய் மவுத்தாயிட்டாரும்மா. டீ குடிச்சினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாராம்." மாடுகள் போய்விட்டன. பின்னால் நின்ற பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. எனக்குச் சாவியைத் திருப்பக் கை வரவில்லை.

பழவேற்காட்டில் வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பாயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டாக்டர்கூட நம்மை அத்தனை கேள்வி கேட்டிருக்க மாட்டார். வண்டி ராத்திரி எங்கே நின்றது, என்ன ஏற்றினாய், எந்தத் தண்ணீரில் கழுவினாய் என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். ஒருமுறை நம்மில் ஒருவர், "நல்ல தண்ணியிலதான் பாய் கழுவுனேன்" என்று அடித்துச் சொன்னார். பாய் மட்கார்டை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "ஏரி உப்புத் தண்ணி இன்னாத்துக்குடா ஊத்துன? வண்டி பொய் சொல்லாது, வண்டிக்காரன்தான் சொல்லுவான்" என்றார். அந்த ஒருவர் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார் என்று நினைக்கிறேன்.

நானும் அவரிடம் பொய் சொன்னவள்தான்.

என் ஊர் லைட்ஹவுஸ் குப்பம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இறாலும் நண்டும் பொன்னேரிக்கு ஏற்றிப்போக லோடு ஆட்டோ வாங்கி நானே ஓட்ட ஆரம்பித்தபோது, ஸ்டாண்டில் பெண் என்று நான் ஒருத்திதான். "இது எத்தினி நாளைக்கு?" என்று என் காது படவே பேசினீர்கள். இப்போது கோபமில்லை. அப்போது நிறைய இருந்தது.

இரண்டாவது மாதமே வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. வெயில் ஏறிய பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பேட்டரியை மாற்றியும் அதே கதை. இரண்டு நாள் லோடு தாமதமானதும் பொன்னேரி வியாபாரி, நாளையும் எட்டு மணிக்குள் வராவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அந்த லோடு போனால் வண்டியை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். மறுநாள் இறால் பெட்டிகளை ஏற்றி, ஐஸ் போட்டு, சாவியைத் திருப்பினேன். டிக். சுற்றி நீங்கள் ஏழெட்டுப் பேர். "பொம்பள கை பட்டா இப்டித்தான்" என்று சொன்னது யார் என்று எனக்குத் தெரியும்.

பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"காலையில மட்டும்தான் படுக்குதா?"

"ஆமா பாய். மதியம் நல்லா கீது."

"அப்ப பேட்டரி மேல பழி போடாத. எங்கியோ ஈரம் பூருது. புதுசா எதுனா மாட்டுனியா?"

"இல்ல பாய்" என்றேன்.

டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை வண்டியின் பாடியில் மாட்டினார். இன்னொரு முனையைப் பேட்டரியில் வைத்ததும் பல்பு பளிச்சென்று எரிந்தது. சாவி சுவிட்சுக்கு வரும் ஒயரிலும் எரிந்தது. என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரில் வைத்தார். பல்பு அழுது வடிந்தது. "இந்த நடுவுலதான்" என்று டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, ஒயரோடு விரலை நகர்த்திக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

அங்கே நான் கட்டிய சிவப்புத் துணி முடிச்சு இருந்தது. உள்ளே கல்லுப்பும் படிகாரமும். உங்கள் கண் திருஷ்டிக்குப் பயந்து, வீட்டுக்காரருக்கும் தெரியாமல் கட்டியது. "எவன் இன்னா சொன்னா எனக்கின்னா" என்று ஸ்டாண்டில் வாய் கிழியப் பேசியவள் செய்த வேலை. காற்றின் ஈரத்தில் உப்பு கரைந்து, கீழே ஒயர்கள் சேரும் கப்ளரில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது.

பாய் என் முகத்தைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்து, மூடிய கையை அப்படியே சட்டைப் பைக்குள் விட்டு எடுத்தார்.

"உப்புக்காத்து" என்றார் உங்களைப் பார்த்து. "கப்ளர் பச்சை பூத்துப்போச்சி. தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல. உங்க வண்டியிலயும் போய்ப் பாருங்க, இதே கதிதான்."

கப்ளரைச் சுரண்டித் துடைத்து, வாசலின் தடவி மாட்டினார். ஒரே திருப்பில் வண்டி உறுமியது. எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பொன்னேரியில் இருந்தேன்.

அடுத்த வாரம் நீங்கள் எல்லோரும் அவர் கடையில் வரிசை கட்டினீர்களே, நினைவிருக்கிறதா? மனிதர் சிரிக்காமல் ஒவ்வொரு வண்டிக்கும் வாசலின் தடவினார். நான் போனபோது அந்தத் துணியைத் துவைத்துக் காயவைத்து, புது உப்பு போட்டுக் கட்டிக் கொடுத்தார். "இத்த பின்னாடி பம்பர்ல கட்டு. கண்ணு வெக்கறவன் பின்னாடி நின்னுதான் வெப்பான்."

"உங்களுக்கு இதுல நம்பிக்கை இருக்குதா பாய்?"

"எனக்கு இன்னாத்துக்கு? உனக்கு வேணும்ல, கட்டு."

கடைசிவரை அவர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் மறைத்ததை இன்று நானே சொல்லிவிட்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பொன்னேரி மார்க்கெட்டில் வெளியூர் வண்டி ஒன்று கிளம்பாமல் நின்றது. சுற்றிலும் கூட்டம், கேலி. டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. என் வண்டியில் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு போய், பாய் கேட்கும் கேள்விகளையே கேட்டேன். "புதுசா ஒண்ணும் மாட்டலக்கா" என்றார், என்னைப் பார்க்காமல். டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டேன். என் விரலும் ஓரிடத்தில் நின்றது.

விரலில் என்ன பட்டது என்று இங்கே எழுத மாட்டேன். பாயிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது இப்படிச் சொல்லாமல் விடுவது ஒன்றுதான். கையை மூடியபடியே வெளியே எடுத்தேன்.

"உப்புக்காத்து" என்றேன் கூட்டத்தைப் பார்த்து. கடல் இல்லாத பொன்னேரியில் ஏது உப்புக்காற்று என்று ஒருவரும் கேட்கவில்லை, பாய்.