பற்றரி இறங்கின பாட்டு

நான் சங்கீத ரீச்சர். அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு நான் ஆடின ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை.

சண்டைக் காலம். கறண்ட் வாறதும் போறதும் அவரவர் அதிர்ஷ்டம். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அமிர்தகழியில் ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் நாலைந்து பேர் கூடி, ரேப் ரெக்கோடரில் கச்சேரி கேட்போம். வீட்டுக்காரர் மெதடிஸ்ற் ஆள். சேர்ச்சில் ஞானப்பாட்டுப் பாடுகிற மனிசன், தோடியைக் கேட்டால் கண் கலங்கிவிடுவார். ஆளுக்கொரு கசெற் கொண்டுவருவோம். கொண்டுவந்தவர் வாய் திறக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். பாடுறது ஆர், என்ன ராகம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பேர் வெளியில் வரும்.

பற்றரிக்கு அந்த நாளில் பெரிய தட்டுப்பாடு. பழையதை வெயிலில் காயவைத்துத் திரும்பத் திரும்பப் போடுவோம். பற்றரி இறங்கினால் நாடா மெதுவாக ஓடும், பாட்டும் சுருதி இறங்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு நன்றாகவே தெரியும்.

குருக்கள்மடம் ஊரிலிருந்து சைக்கிளில் வருவார் ஒரு தபால் கந்தோர் கிளாக்கர். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் ஒரு ஆலாபனையை ஆபோகி என்று நான் அடித்துச் சொன்னேன். அவர் மெதுவாக, "நிஷாதம் வருது ரீச்சர். ஸ்ரீரஞ்சனி" என்றார். வந்ததுதான், ஆபோகியில் அந்த ஸ்வரமே கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள். கேலியாகக்கூட இல்லை, சும்மா சிரித்தார்கள். எனக்குக் காது மடல் எரிந்தது. தாளம் போடத் தெரியாத மனிசன் எனக்குச் சொல்லித்தாறாரோ! அந்தக் கிழமை முழுக்க அதையே அரைத்துக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு கசெற் போட்டார். ஒரு பொம்பிளைக் குரல். பக்கவாத்தியம் இல்லை, தம்புரா இல்லை, வீட்டில் பதிந்தது. நடுவில் ஒரு சேவல்கூடக் கூவியது. காம்போதி. நல்ல பாட்டு. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்காவது சொல்கிறேன், அருமையான பாட்டு. மேல் ஷட்ஜத்தில் போய் நின்றபோது எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது.

பாதியில் பற்றரி இறங்கத் தொடங்கியது. குரல் கனத்துக் கீழே வந்தது. மருந்துக்கடைக்காரர் பற்றரி மாற்ற எழும்பினார்.

"இருங்க, அது பற்றரி இல்ல" என்றேன். "பாடுறவவுக்குத்தான் சுருதி நிக்குதில்ல. இதுக்குப் போய்ப் பற்றரியைச் செலவழிக்கிறீங்களே!"

ரீச்சர் சொன்னால் மறுபேச்சு ஏது? ஓம் ஓம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கிளாக்கர் கசெற்றை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். நிஷாதத்தைப் பிடித்த காதுக்குப் பற்றரி தெரியாமல் போயிருக்காது. ஆனால் அந்தப் பாட்டு விஷயத்தில் அவர் தன் காதை நம்பவில்லை. பாடினது ஆரென்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றா. என்னைவிடப் பத்து வயது மூத்தவ. கிளாக்கரின் அக்கா.

"அந்தக் கசெற்றில பாடினது நான்தான் ரீச்சர். றேடியோவில குரல் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்காங்க, இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இருபது வயசிலயும் கூப்பிட்டவங்க, அப்பா விடல்ல. இனிமேக் கூப்பிடமாட்டாங்க. சுருதி நிக்குதில்ல எண்டு நீங்க சொன்னதாம். திருத்தித் தாங்க."

"அக்கா, அது பற்றரி." மூன்றே சொல். வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவ சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பா. பிறகு அந்தக் கூட்டத்தில் என் மரியாதை? நான் உள்ளே போய்ச் சுருதிப்பெட்டியை எடுத்துவந்தேன்.

சீ, என்ன பிறவி நான்!

சனிக்கிழமை தவறாமல் வந்தா. வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர் பஸ்ஸால் இறக்கிப் பையைக் கிளறுவார்கள், அதையும் தாண்டி வந்தா. இல்லாத பிழையை எப்படித் திருத்துவது? ஸ்வரத்துக்கு ஸ்வரம் நிறுத்தினேன். "இறங்குது அக்கா, திரும்ப." திரும்பப் பாடினா. "இன்னும் நிக்கல்ல, திரும்ப." இரண்டாம் மாதம் அவ கண்ணை மூடிப் பாடுவதை விட்டுவிட்டா. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து, சேற்றில் கால் வைக்கிற ஆள் மாதிரி ஒவ்வொரு ஸ்வரமாக வைத்தா. எனக்கு அது விளங்கியது. விளங்கியும் அடுத்த சனிக்கிழமை வரச்சொன்னேன்.

குரல் தேர்வுக்குக் கிளாக்கர் அவவைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்தவ நேரே என்னிடம்தான் வந்தா, கையில் ஒரு மஸ்கற் இனிப்புப் பெட்டியோடு.

"சரிவரல்ல ரீச்சர்."

"என்ன சொன்னாங்க?"

"சுருதியெல்லாம் சுத்தமாம். பயந்து பயந்து பாடுறனாம்."

இப்போதாவது சொல்லு, சொல்லித் தொலை என்று என்னையே திட்டிக்கொண்டு இருந்தேன். அதற்குள் அவ எழும்பி நின்று, என்னைக் கும்பிட்டா.

"அங்க நிரப்பத் தந்த கடதாசியில குரு எண்டு உங்கட பேரைப் போட்டுட்டன். அந்தப் பேரைக் கெடுத்துப்போட்டன். மன்னிச்சிருங்க ரீச்சர்."

"பரவாயில்ல அக்கா" என்று சொல்லி, நான் அவவை மன்னித்தேன்.